இதற்குள் முன்பு என்ன இருந்தது?

குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் போகும் காலை பஸ்ஸில், ஒரு கையில் பையும் மறுகையில் மேல்கம்பியுமாக நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுக்க வழியில்லை. விடாமல் அடித்தது. ஆசனத்தில் இருந்த ஓர் அம்மா என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் பஸ்மியா, டொக்டர் நஸீராவின் தங்கை. "டீச்சர், ராத்தா மௌத்தாகிட்டா. சுபஹ் தொழுதுட்டு, தேத்தண்ணி ஊத்திக்கிட்டு உக்காந்தவ, அப்பிடியே போய்ட்டா. திகனையில எங்கட தாய் வீட்டுல இருந்து, அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வீதியைக் கடந்து, திகனைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு. முந்தாநாள்தான் டொக்டர் என் வீட்டுச் சமையலறையில் நின்று, நான் சுடச்சுட ரசத்தைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றியதற்காக என்னோடு ஒரு பெரும் சண்டை போட்டுவிட்டு, சட்டியில் இருந்த அதே ரசத்தை எவர்சில்வர் கிண்ணத்தில் வாங்கி இரண்டு தடவை குடித்துவிட்டுப் போனார். "ரசம் ஏ கிளாஸ். டப்பாக்கு பெயில்" என்று படியில் இறங்கும்போது கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. டொக்டர் நஸீரா மெதுவாகப் பேசி யாராவது கேட்டிருக்கிறீர்களா?

நான் அவரை முதலில் கண்டது எங்கள் பாடசாலையில். மாணவிகளுக்கு மாதவிடாய் பற்றிப் பேச அழைத்திருந்தோம். அப்போது அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண் நோயியல் நிபுணர். பேசி முடித்து வியர்க்க விறுவிறுக்க என் இரசாயனவியல் ஆய்வுகூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார். மேசையில் இருந்த போத்தலை எடுத்து நீட்டினேன். வாங்கினார், தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், "இதுக்கு முதல் இதுக்குள்ள என்ன இருந்திச்சு?" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது! "தண்ணீர்தான் டொக்டர்" என்றேன், முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு. "அதுக்கும் முதல்?" என்றார். "அதுக்கும் முதல் தண்ணீர்தான். கடையில் தண்ணீராகவே வாங்கியது." அவர் ஒரே மூச்சில் முழுப் போத்தலையும் குடித்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்க டீச்சர். நான் என்ட உம்மாட்டயும் இப்பிடித்தான் கேப்பேன்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம் இது.

அந்தக் கேள்வியை அவர் கேட்காத இடம் இல்லை. கல்யாண வீட்டில் சர்பத் வாளியைப் பார்த்துக் கேட்டார். எங்கள் கோயிலில் பஞ்சாமிர்தம் இருந்த வாளியைப் பார்த்துக் கேட்டார். ஐயர் ஆடிப்போனார். அது பெயின்ட் வாளி இல்லை, நெய் வாளிதான் என்று உறுதியான பிறகு இரண்டு கரண்டி கேட்டு வாங்கினார், கூச்சமே இல்லாமல்.

ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். பிள்ளை தங்காமல் போன பெண்களும், மாதக்கணக்கு குழம்பிப்போன பெண்களும் வருடக்கணக்காக அவர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்கேன் எடுப்பார், இரத்தம் சோதிப்பார், மாத்திரை எழுதுவார். "எங்களுக்கு வயித்தை மட்டும் பாத்துப் பழகிப் போச்சு டீச்சர்" என்றார். "வயித்துக்காரி எந்த வீட்டுல இருக்கா, எந்தப் புகையில சமைக்கிறா, யார்ட உடுப்புக் கழுவுறா, ஒண்டும் கேக்கிறதில்ல. பிறகு காரணம் தெரியல்லண்டு எழுதிக் குடுக்கிறது. கேட்டாத்தானே தெரியும்!" ஓய்வு பெற்றதும் குண்டசாலை வீட்டின் முன்னறையைக் கிளினிக் ஆக்கினார். நோயாளியைப் பார்த்த பிறகு நோயாளியின் வீட்டைப் பார்க்கப் போகும் ஒரு டொக்டரை நான் அதுவரை கண்டதில்லை.

அவர் தவறே செய்யாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். கண்டியில் ஒரு மண்டபத்தில் தாதிமாருக்கும் ஆசிரியைகளுக்கும் காலை முழுவதும் பேசினார். பிளாஸ்டிக்கில் சேர்க்கும் சில பொருட்கள் சூடு பட்டால் சாப்பாட்டில் இறங்கும், உடம்புக்குள் போய் ஹோர்மோன் போல நடிக்கும் என்று விளக்கினார். "ஹோர்மோன் எண்டது வீட்டுச் சாவி. இதுகள் கள்ளச் சாவி. கதவு திறக்கும், ஆனா உள்ளுக்கு வாறது நம்மட ஆள் இல்ல." மண்டபம் உறைந்து கேட்டது. பகல் சாப்பாடு வந்தது. ஆவி பறக்கும் புரியாணிப் பார்சல்கள், ஒவ்வொன்றும் பளபளவென்று பொலித்தீன் லஞ்ச் சீட்டில்!

எல்லாரும் பார்சலைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். ஒருவர்கூடப் பிரிக்கவில்லை. டொக்டர் மைக்கை எடுத்தார். "இதுக்கு ஓடர் குடுத்தது யாரு? நான்தான். நல்லா கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வாங்க எண்டு கடைக்காரரை வெருட்டினதும் நான்தான்" என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவர் சும்மா நிற்கவில்லை, பின்பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வாழையிலை வெட்டுவித்தார். தாதிமார் வரிசையாக நின்று இலையில் சாப்பிட்டார்கள். அந்தப் பேச்சில் ஒரு வரியை மறந்தாலும் அந்தச் சாப்பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி செல்வியின் கதைக்கு வருகிறேன். நஸீரா டொக்டரைப் பற்றி எழுதிவிட்டுச் செல்வியைச் சொல்லாமல் விட்டால் அவரே எழுந்து வந்து என்னைத் திட்டுவார்.

என் அண்ணன் நாவலப்பிட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மேலே தோட்டத்திலிருந்து மோகன் என்பவர் சாமான் வாங்க வருவார். தேயிலை மலையில் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை அவருக்கு. மனைவி செல்வி கொழுந்து எடுப்பவள். அவளுக்கு இரண்டு தடவை வயிற்றில் பிள்ளை தங்காமல் போயிற்று. இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். இதுவும் போனால் அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று மாமியார் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிகிறார். மோகன் கடையில் நின்று இதைச் சொல்லி அழுதிருக்கிறார். அண்ணன் எனக்குச் சொன்னார், நான் டொக்டருக்குச் சொன்னேன். "நாளைக்கே போவம்" என்றார். அடுத்த நாள் கடும் மழை. போனோம்.

லயத்து அறை சின்னது, துப்புரவாக இருந்தது. செல்வி எங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை, கதவு மறைவில் நின்றாள். மாமியார்தான் பேசினார். "ரெண்டும் தங்கலீங்க. இவ வயித்துலதான் ஏதோ குத்தம். நான் என்னா செய்ய?" டொக்டர் செல்வியிடம் திகதிகளை விசாரித்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், மோகன் மருந்தடித்துவிட்டு வந்து கழற்றும் உடுப்பை யார் கழுவுவது என்று கேட்டார். "நாந்தாங்க" என்றாள், காற்றைப் போன்ற குரலில். "கையாலயா?" "கையாலதாங்க."

அதற்குள் தேத்தண்ணீர் வந்துவிட்டது. கிளாஸை வாங்கிய டொக்டரின் கண் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே ஒரு பச்சைக் கேன், மூடி போட்டு, தண்ணீர் நிறைந்து இருந்தது.

"தம்பி, இதுக்கு முதல் இதுக்குள்ள என்ன இருந்திச்சு?"

மோகனின் முகம் மலர்ந்துவிட்டது. "புல்லு மருந்து கேனுங்க டொக்டரம்மா. ஸ்டோர்ல காலியானா எங்களுக்குத்தான் குடுப்பாங்க, எல்லாருக்கும் கெடைக்காது. மணல் போட்டு, சாம்பல் போட்டு, சோப்புத்தூள் போட்டு எத்தன வாட்டி கழுவுனேன் தெரியுங்களா! மோந்து பாருங்க, வாசமே வராது. அவ வயித்துல புள்ள தங்குனதும் கொடத்த தூக்க விடல. நாந்தான் விடியக் காலையில பீலியில தண்ணி புடிச்சாந்து அவளுக்குன்னு வப்பேன். ஒவ்வொரு வாட்டியும் அப்பிடித்தாங்க."

ஒவ்வொரு வாட்டியும்! மனைவி சுமக்கக் கூடாது என்று மழையில் போய் மலையிலிருந்து பீலியில் விழும் நல்ல தண்ணீரைப் பிடித்து, அதை அந்தக் கேனில் ஊற்றி அவளுக்கென்றே வைத்திருக்கிறார் மனிதர். டொக்டர் கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். அவர் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் சொல்லத் தொடங்கியதுமே மோகனுக்கு விளங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தினார். "நானா டொக்டரம்மா? நான்தானா?"

டொக்டர் அவருக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். "கேளுங்க தம்பி. முந்தினது ரெண்டும் இதாலதான் போச்சு எண்டு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆருக்கும் தெரியாது. பொய் சொல்ல ஏலாது. ஆனா இந்தக் கேன் வேணாம் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். நீங்க தண்ணி சுமந்தீங்க, அது நல்ல வேலை. கேன்தான் பிழை." பிறகு திரும்பி மாமியாரைப் பார்த்தார். "அம்மா, குத்தம் தேடுறதுக்கு இந்தப் புள்ளட வயிறுதானா கிடைச்சுது? முதல்ல அடுப்படியத் தேடியிருக்கலாமே." செல்வி அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

கேனை வெளியே எறிந்தால் வேறு யாராவது எடுத்துக் கழுவி வைத்துக்கொள்வார்கள் அல்லவா? டொக்டர் தன் கைப்பையைத் துழாவி, மஞ்சள் பிடி போட்ட ஒரு ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தார். கிளினிக் கதவின் தாழ்ப்பாள் அடிக்கடி கழன்றுவிடும் என்பதற்காக வைத்திருந்தது. "நீங்களே குத்துங்க" என்று மோகனிடம் கொடுத்தார். மோகன் கேனை வாசலுக்குக் கொண்டுபோய், ஸ்க்ரூ ட்ரைவரை வைத்துக் கல்லால் ஓங்கி அடித்தார். தண்ணீர் பீறிட்டு வாசலோர வடிகானுக்குள் ஓடியது. அடித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே அடித்தார்.

அதற்குப் பிறகு டொக்டரைப் பிடிக்க முடியவில்லை! குடையைக்கூட விரிக்காமல் லயத்து வாசல் வாசலாக ஓடினார். "கேன் இருக்கா? கொண்டு வாங்க! என்ன இருந்திச்சு இதுக்குள்ள?" ஒரு வீட்டில் மண்ணெண்ணெய், ஒரு வீட்டில் தேங்காய் எண்ணெய், இன்னொரு வீட்டில் தேசிக்காய் ஊறுகாய். ஓர் அக்கா தன் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்று நின்றாள். "அடுத்த கிழமை இதவிட அழகான வாளி தாறேன், மூடியோட. என்ன கலர் வேணும்?" என்றார் டொக்டர். "செவப்பு" என்றாள் அக்கா, உடனே கேனைக் கொடுத்துவிட்டு. அடுத்த கிழமை திகனைக் கடைக்காரர்களான தன் மச்சான்மாரையெல்லாம் வெருட்டிச் சேர்த்த புது வாளிகளோடு ஒரு வேன் மேலே ஏறியது. அந்த அக்காவுக்குச் சிவப்பு வாளி தனியாகக் கட்டி வந்தது.

தோட்டத்தை நடத்தும் துரையிடமும் போனோம். காலிக் கேனைக் கொடுப்பது தாங்கள் செய்யும் உதவி என்றார் அவர். "அப்ப உங்கட உதவி இனிமே ஓட்டையா இருக்கட்டும், தொரை. ஸ்டோர்லயே குத்திட்டுச் சேத்து வைங்க" என்றார் டொக்டர். எரித்துவிடலாமா என்று பக்கத்திலிருந்த ஒருவர் கேட்டதற்கு டொக்டர் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. துரை சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் நிரூபிச்சிருக்கா டொக்டர்?" என்று கேட்டார். "கொஞ்சம் நிரூபிச்சிருக்கு. கொஞ்சம் இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க. பாத்து முடியிற வரைக்கும் வயித்துல இருக்கிற புள்ள பொறுத்துக்கிட்டு இருக்குமா?" என்றார். துரைக்குச் சிரிப்பு நின்றது. ஸ்டோரில் குத்தும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

செல்வியை மருந்தடித்த மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பக்கூடாது என்று ஏற்பாடானது. மோகன் தன் உடுப்பைத் தானே, தனி வாளியில், கையுறை போட்டுக் கழுவினார். மற்ற ஆண்கள் கேலி செய்தார்கள். அவர் கழுவினார். நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாதங்களைக் கடத்தினோம். ஒரு பின்னேரம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் இடி இடித்தது. "டீச்சர்! பொம்புளப் புள்ள! இந்தா கேளுங்க!" என்று டொக்டர் தொலைபேசியைக் குழந்தையின் பக்கம் பிடித்தார். அப்பப்பா, என்ன தொண்டை! நான் என் வீட்டில் தனியாக நின்று கைதட்டினேன். "அப்ப கேன்தான் காரணம், இல்லையா டொக்டர்?" என்றேன். "டீச்சர், நீங்க சயன்ஸ் படிச்ச ஆள். ஒரு புள்ளய வச்சு ஒண்டும் நிரூபிக்க ஏலாது" என்றார். பிறகு, "ஆனா ஒரு புள்ளயத் தூக்கி வச்சிருக்க ஏலும். நான் வச்சிருக்கேன். என்ன பாரம் தெரியுமா!" என்றார்.

திகனை வீட்டில் ஜனாஸாவைப் பார்த்தேன். வெள்ளைக்குள் அவர் முகம், வாய் மூடியிருந்தது. அது அவர் முகமாகவே இல்லை. அஸர் தொழுகைக்காக ஆண்கள் தூக்கிக்கொண்டு போனபோது பெண்கள் நாங்கள் வாசலில் நின்றோம். பஸ்மியா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்லாக உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் செல்வி வந்து சேர்ந்தாள். நாவலப்பிட்டியிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து திகனை என்று பஸ் மாறி மாறி வந்ததில் முகம் பார்க்கத் தவறிவிட்டது. மோகன் அடக்கம் நடக்கும் மையவாடிப் பக்கம் ஓடினார். செல்வி, இப்போது நடக்கப் பழகிவிட்ட மகளின் கையைப் பிடித்தபடி பந்தலுக்குள் நுழைந்தவள், நடு வழியில் நின்றுவிட்டாள். பந்தல் கம்பத்தின் அடியில் ஒரு கேன் இருந்தது, வந்தவர்கள் குடிக்கத் தண்ணீர் நிறைத்து, மூடிமேல் கிளாஸ் கவிழ்த்து. பச்சைக் கேன்.

"இதுக்கு முந்தி இதுக்குள்ள என்னா இருந்திச்சு?"

பந்தலே திரும்பிப் பார்த்தது. அன்றைக்குக் கதவு மறைவில் காற்றுப் போலப் பேசிய அதே செல்வி! பக்கத்து வீட்டுக்காரர் தடுமாறினார். "மிளகுத் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துட கேன். நல்லா கழுவித்தான் இரிக்கு புள்ள." மௌத்து வீட்டில் என்ன சத்தம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். செல்வி அசையவில்லை. "கழுவுனா போவாதுங்க. யாரும் குடிக்காதீங்க" என்றாள்.

பஸ்மியா எழுந்து உள்ளே போனார். ராத்தாவின் கைப்பையோடு வந்தார். அவரே துழாவி, மஞ்சள் பிடியை எடுத்துச் செல்வியிடம் நீட்டினார். செல்வி கல் தேடினாள், கேனைச் சாய்த்தாள், அடித்தாள். தண்ணீர் பந்தல் முழுக்க ஓடியது. கதிரைகளில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். பஸ்மியா சிரித்தார், வாய்விட்டு, அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சிரிக்காத சிரிப்பு. அப்படியே செல்வியின் தோளில் விழுந்து கதறி அழுதார். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

அந்த ஸ்க்ரூ ட்ரைவரைப் பஸ்மியா செல்விக்கே கொடுத்துவிட்டார். எனக்கு அதில் ஒரு கண் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் போக வேண்டிய இடத்துக்குத்தான் அது போயிருக்கிறது.

பின்னேரம் திகனை பஸ் நிறுத்தத்தில் எல்லாரும் ஒன்றாக நின்றோம். மகள் மோகனின் தோளில் தூங்கிவிட்டாள். செல்வி என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள். "டீச்சர், இன்னும் யாருக்கும் சொல்லல. அத்தைக்கும் தெரியாது. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. டொக்டரம்மாகிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன். ஞாயித்துக்கெழமை வாறதா இருந்தோம்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். டொக்டர் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்றை நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

எனக்கு என்ன தெரியும்? நான் டொக்டர் இல்லை. வயிற்றைத் தொட்டுச் சொல்லத் தெரியாது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்றுகூடத் தெரியவில்லை. அவள் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதைப் பார்த்தேன். என் வாய் தானாகத் திறந்தது. குரலும் என்னுடையது மாதிரி இல்லை, அவ்வளவு சத்தம்.

"இதுக்கு முதல் இதுக்குள்ள என்ன இருந்திச்சு?"

நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி திகைத்து, பிறகு கண் நிறையச் சிரித்தாள். "தண்ணிதான் டீச்சர்" என்றாள். "அதுக்கும் முந்தி தண்ணிதான்."

இந்தக் கேள்விதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது, டொக்டர். ஞாயிற்றுக்கிழமை நான் நாவலப்பிட்டிக்குப் போகிறேன்.